க்ரெட்டாவா சிட்டியா, உட்கார எது வசதி?

அஞ்சு பேர் குடும்பம், கூடவே வயசான அம்மா, உயரமான எஸ்யூவி க்ரெட்டா வாங்கலாமா, தாழ்வான செடான் சிட்டி வாங்கலாமானு கேட்டிருக்கீங்க. வெளிய இருந்து பாத்தா ஹூண்டாய் க்ரெட்டா தான் பெருசா தெரியும், ஆனா அதோட வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம், 2610 மிமீ, ஹோண்டா சிட்டிக்கு 2600, அதனால பின்னாடி கால் வைக்கிற இடத்துல பெரிய வித்தியாசம் இல்லங்க. டிக்கில சிட்டி தான் ஜெயிக்குது, 506 லிட்டர், க்ரெட்டா 433.

விஷயமே ஏறி இறங்குறதுல தான். சிட்டில சீட் தாழ்வு, முட்டிவலிக்காரங்க கதவ புடிச்சு தலைய குனிஞ்சு உள்ள விழற மாதிரி தான் உட்காரணும், எங்கம்மா எந்திரிக்க ஒருத்தர் கை குடுக்கணும். க்ரெட்டால சீட் கிட்டத்தட்ட இடுப்பு உயரம், அப்படியே சாஞ்சுக்கலாம். ஆனா மலைப்பாதை வளைவுல உயரமான வண்டி கொஞ்சம் ஆடும், வாந்தி வரவங்களுக்கு செடானே தேவலாம். நடுவுல உட்கார்றவங்க பாவம், ரெண்டுலயும் தோள் இடிக்கும். டெஸ்ட் டிரைவுக்கு அம்மாவையும் கூட்டிட்டு போங்க.