கிடங்கில் எனக்கு என்ன வேலை இருக்கும்?

கேள்வி: உணவு வங்கிக் கிடங்கில் தன்னார்வலராகச் சேர விரும்புகிறேன். முதுகுவலியால் பளு தூக்க முடியாத நான் அங்கே பயன்படுவேனா? உணவு பரிமாறவும் வாய்ப்புக் கிடைக்குமா?

பதில்: பரிமாறும் வாய்ப்பை எதிர்பார்க்காதீர்கள். 1967-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் முதல் உணவு வங்கியைத் தொடங்கிய காலந்தொட்டு, மிஞ்சும் உணவுப் பொருள்களைத் திரட்டி, பசித்தோருக்கு உணவளிக்கும் அமைப்புகளிடம் சேர்ப்பதே இவற்றின் முதன்மைப் பணி. உங்களுக்கு ஏற்றது, வந்த பொருள்களைப் பார்த்துப் பிரிக்கும் தரம்பிரிக்கும் மேசை. பெட்டி அடுக்குவதைவிட அதற்குத்தான் கூடுதல் கவனம் தேவை என்பது என் கருத்து. தகர டப்பா உப்பியிருந்தாலோ, கசிந்தாலோ, விளிம்பு மடிப்பில் நசுங்கியிருந்தாலோ, அதைத் திறந்து முகர்ந்து பார்க்காமல் ஒதுக்கிவிட வேண்டும். ஏனெனில் பொட்டுலிசம் என்னும் உயிருக்கே ஆபத்தான நோயை உண்டாக்கும் நச்சு, வாடையோ நிறமாற்றமோ இன்றியும் உள்ளே இருக்கக்கூடும். நடுப்பகுதியில் மேலோட்டமாக நெளிந்த டப்பாவை வீணாக்க வேண்டியதில்லை. உட்பொருள் பட்டியல் கிழிந்த பொட்டலத்தையும் தனியே வையுங்கள். நிலக்கடலையோ பாலோ ஒவ்வாதவருக்கு அந்தப் பட்டியல்தான் காவல். காலாவதித் தேதி முந்துபவை அடுக்கின் முன்வரிசைக்குச் செல்ல வேண்டும். முதுகுவலியைப் பொறுப்பாளரிடம் முதல் நாளே தெரிவித்துவிடுங்கள். விரல்களை மூடும் காலணி அணிந்து செல்லுங்கள்.