மிரர்ல லாரி ஏன் தூரமா தெரியுது?

கேள்வி: அண்ணே, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல பைக்ல போறப்ப சைடு மிரர்ல கன்டெய்னர் லாரி எங்கயோ சின்னதா தெரியுது, திரும்பிப் பாத்தா பக்கத்துலயே வருது, ஏன்?
– தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: தம்பி, அது குவி ஆடி, வெளிப்பக்கமா உப்பி இருக்கும், அதுல படுற வெளிச்சம் விரிஞ்சு திரும்புறதால பிம்பம் கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிற மாதிரி நேராத்தான் தெரியும், ஆனா எப்பவும் சின்னதா. குவியத்தூரம், அதாவது கண்ணாடி எவ்வளவு வளைஞ்சிருக்குன்னு காட்டுற அளவு, 1 மீட்டர்னு வச்சுக்க, 9 மீட்டர்ல வர்ற லாரி பத்துல ஒரு பங்கு சைஸ்லதான் விழும், சின்னதா தெரிஞ்சா தூரத்துல இருக்குன்னு மூளை நம்பிடுது. பின்னாடி ரோடு நல்லா அகலமா தெரியும், அதுக்காகத்தான் மாட்றாங்க. ஷேவிங் கண்ணாடி இதுக்கு நேர் எதிர், குழி ஆடி, கிட்டப் போனா முகத்தைப் பெருசாக்கும். வண்டியத் திருப்புறதுக்கு முன்னாடி தலையையும் ஒருவாட்டி திருப்பிப் பாத்துடு தம்பி, கன்டெய்னர் ஓடுற ரோடு அது.