ஐயாயிரம் ரூபாயில் என்ன விளம்பரம் செய்யலாம்? சிறு கடைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

அச்சகத்தில் பிட் நோட்டீஸ் அடிப்பதில் தொடங்கியவன் நான். இப்போது ஈரோட்டில் சின்னக் கடைகளுக்கு விளம்பர வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களுக்குப் பட்ஜெட் என்று தனியாக ஒன்று இருக்காது, கல்லாவில் மிஞ்சுவதுதான் பட்ஜெட். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்பவர், மதுரை: வணக்கம் அண்ணா. தினமும் 25 பாக்கெட் போகிறது. அதை 50 ஆக்க வேண்டும். கையில் 5,000 ரூபாய் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் விளம்பரம் கொடுக்கலாமா?

வேண்டாம் சகோதரி. இட்லி மாவுக்காக யாரும் மூன்று கிலோமீட்டர் வண்டி ஓட்டி வரமாட்டார்கள். நடந்து போகிற தூரத்தில் இருக்கும் நாலைந்து தெருக்கள்தான் உங்கள் சந்தை. அந்தப் பணத்தை மாவாகவே கொடுத்துவிடுங்கள்.

கணக்கு பார்க்கலாம். ஒரு பாக்கெட் 30 ரூபாய் அடக்கம், 40-க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாரம் இரண்டு பாக்கெட் வாங்கும் வீடு வருடத்துக்குச் சுமார் நூறு பாக்கெட் வாங்கும். உங்களுக்கு ஆயிரம் ரூபாய் மிச்சம். அப்படி ஒரு வீடு கிடைக்க நாலு வீட்டுக்குச் சும்மா கொடுத்தாலும் செலவு 120 ரூபாய்தான். 5,000 ரூபாய்க்கு நூற்றறுபது பாக்கெட்டுக்கு மேல் வரும். அதை ஒரே நாளில் கொடுத்துத் தீர்க்காமல், வாரம் ஒரு தெரு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் கொடுங்கள். மறுநாள் காலை வீட்டில் எல்லோரும் இருப்பார்கள், நிதானமாகச் சாப்பிட்டுப் பார்ப்பார்கள். பாக்கெட்டில் அரைத்த தேதி, போன் நம்பர், எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவின் 14 இலக்க எண் மூன்றும் இருக்கட்டும். பதிவு இன்னும் எடுக்கவில்லை என்றால் முதல் செலவு அதுதான். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கச் செயலாளரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். காவலரிடம் சண்டை போட்டு நுழைந்தவரிடம் அங்கே யாரும் வாங்கமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை வாக்கில் ஒரு போன்: "புளிப்பு சரியா இருந்துச்சாக்கா?" விற்கிற பேச்சே எடுக்க வேண்டாம். வேண்டியவர்கள் அப்போதே சொல்லிவிடுவார்கள்.

இருசக்கர வாகன மெக்கானிக், சேலம்: என் கடை மெயின் ரோட்டில் இருந்து இரண்டு சந்து உள்ளே. பழைய வாடிக்கையாளர்கள் மட்டும் வருகிறார்கள். புதியவர்களுக்குக் கடை இருப்பதே தெரியவில்லை சார்.

உங்களுக்குக் கூகுள் மேப்தான் போர்டு. வண்டி நின்றுபோனவர் செல்போனில் 'பக்கத்தில் மெக்கானிக்' என்றுதான் தேடுவார். அதில் கடையைச் சேர்க்கக் காசு கிடையாது. கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று பெயர். முன்பு கூகுள் மை பிசினஸ் என்று இருந்தது.

கடைப் பெயரை போர்டில் உள்ளபடியே போடுங்கள். 'முருகன் ஆட்டோ ஒர்க்ஸ் சேலம் பெஸ்ட் பைக் மெக்கானிக் 24 மணி நேரம்' என்று நீட்டினால் விதிமீறல். யாராவது புகார் கொடுத்தால் பக்கமே முடங்கலாம். பெயரைவிட வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம். 'கார் ரிப்பேர்' என்று தவறாகக் குறித்துவிட்டு, பைக் யாருமே வரவில்லை என்று புலம்பும் கடைகளைப் பார்த்திருக்கிறேன்.

சரிபார்ப்புக்குப் பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். தெருமுனையில் ஆரம்பித்து, போர்டைக் காட்டி, பூட்டைத் திறந்து, உள்ளே ஸ்பேனர் செட்டையும் மேடையையும் காட்டுங்கள். கடை அங்கேதான் இருக்கிறது, நடத்துவது நீங்கள்தான் என்பது தெரிந்தால் போதும்.

சந்துக்குள் கடை என்பதால் ஒரு படம் கட்டாயம் ஏற்றுங்கள்: மெயின் ரோட்டில் எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பது. டீக்கடையோ கோயிலோ தெரிகிற மாதிரி எடுங்கள். அப்புறம் விடுமுறை நாள். பொங்கலுக்குக் கடை சாத்தினால் அதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பூட்டைப் பார்த்தவர் சும்மா போகமாட்டார், ஒரு ஸ்டார் போட்டுவிட்டுத்தான் போவார்.

அதே மெக்கானிக்: பக்கத்துக் கடையில் 'ஐந்து ஸ்டார் போட்டால் 50 ரூபாய் தள்ளுபடி' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நானும் வைக்கட்டுமா?

கூடாது. காசோ தள்ளுபடியோ கொடுத்து மதிப்புரை வாங்குவது கூகுள் விதிக்கு எதிரானது. அதோடு, அப்படி வந்த 'சூப்பர்', 'நைஸ்' எல்லாம் யாருக்கும் பயன்படாது. வண்டியை ஒப்படைக்கும்போது, ஆள் சிரித்துக்கொண்டிருக்கிற அந்த நிமிடத்தில் கேளுங்கள்: "என்ன வேலை பார்த்தோம்னு ரெண்டு வரி எழுதிடுங்க சார்." மதிப்புரை இணைப்பை க்யூஆர் ஆக்கிக் கல்லாப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். 'கிளட்ச் பிளேட் மாற்றினார்கள், பழைய பிளேட்டைக் கையில் கொடுத்தார்கள்' என்று ஒருவர் எழுதினால், நூறு நைஸுக்குச் சமம்.

கெட்ட மதிப்புரை வந்தால் அன்றே பதில் எழுத வேண்டாம். ஒரு ராத்திரி போகட்டும். மறுநாள் மூன்றே வரி. எழுதியவரைச் சமாதானப்படுத்த முடியாமல் போகலாம், படிக்கப்போகிற மற்றவர்களுக்காக எழுதுங்கள்.

ஏசி சர்வீஸ் செய்பவர், திருச்சி: 'கூகுளில் இருந்து பேசுகிறோம், வருடத்துக்கு 15,000 கட்டினால் முதலிடத்தில் வரும்' என்று போன் வருகிறது. உண்மையா?

இல்லை. தேடலில் முதலிடத்தை விலைக்கு வாங்க முடியாது. விளம்பரம் வாங்கலாம், அது தனியாக விளம்பரம் என்ற குறியோடுதான் வரும். ஓடிபி கேட்டால் போனை வைத்துவிடுங்கள். சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யமுக்கும் இதே கதை. அரசுத் தளத்தில் அது இலவசம், ஏஜென்ட் மூலம் போய் ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

புடவைக் கடை நடத்துபவர், கும்பகோணம்: வாட்ஸ்அப்பில் 800 நம்பர் வைத்திருக்கிறேன் தம்பி. தினமும் பத்து படம் அனுப்புகிறேன். ஒரு பதிலும் இல்லை.

அம்மா, முதலில் ஒரு தொழில்நுட்ப விஷயம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரைதான் சேர்க்க முடியும். அதிலும் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். மற்றவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. கடைக்கு வருகிறவரிடம் நம்பர் வாங்கினால் போதாது, அந்த இடத்திலேயே உங்கள் நம்பரையும் சேமிக்கச் சொல்லுங்கள்.

இனி நடைமுறை. தினமும் பத்துப் படம் வந்தால் நானே பிளாக் செய்துவிடுவேன். வாரத்துக்கு ஒரு முறை, மூன்றே புடவை போதும். தினசரிச் சரக்கை ஸ்டேட்டஸில் போடுங்கள். பார்க்க விரும்புகிறவர் பார்ப்பார், யாருக்கும் தொந்தரவில்லை. எல்லோரையும் ஒரே பட்டியலில் கொட்டாமல், பட்டு வாங்குகிறவர்கள், தினசரி கட்டும் காட்டன் வாங்குகிறவர்கள் என்று பிரியுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் லேபிள் போட்டுக்கொள்ளலாம், காட்டலாக் வைக்கலாம், எல்லாம் இலவசம்.

ஒரு வேண்டுகோள்: விலையைப் போடுங்கள். 'விலைக்கு இன்பாக்ஸ் வரவும்' என்ற பழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. விலை கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் நம் ஊரில் அதிகம், அவர்கள் கேட்காமலே போய்விடுகிறார்கள்.

அதே புடவைக் கடை: எதிர்க்கடையில் ஆடித் தள்ளுபடி 20 சதவீதம். நானும் கொடுக்காவிட்டால் கூட்டம் அங்கே போய்விடுமே?

பேனா எடுங்கள். 1,000 ரூபாய் புடவையில் உங்களுக்கு 300 நிற்கிறது என்றால், 20 சதவீதம் குறைத்த பின் 100தான் நிற்கும். பழைய லாபத்தைப் பார்க்க மூன்று மடங்கு விற்க வேண்டும். ஆடியில் அது நடக்குமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். தேங்கிய சரக்குக்கு மட்டும் தள்ளுபடி வையுங்கள், அதற்காக ஏற்பட்டதுதானே ஆடி! புதுச் சரக்குக்கு விலையைத் தொடாமல் ஃபால்ஸ் அடித்து, குஞ்சம் முடிந்து கொடுங்கள். வாடிக்கையாளருக்கு அதன் மதிப்பு தெரியும், உங்களுக்குச் செலவு குறைவு. விலையை ஏற்றி எழுதிவிட்டுத் தள்ளுபடி காட்டும் வேலை மட்டும் வேண்டாம். 2022-ல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்களின்படி, தவறான எண்ணத்தை உண்டாக்கும் விளம்பரத்துக்கு நடவடிக்கை உண்டு.

மெஸ் தொடங்குபவர், திருநெல்வேலி: திறப்பு விழாவுக்கு ரோட்டில் பத்து ஃபிளெக்ஸ் கட்டலாம் என்று இருக்கிறேன் அண்ணாச்சி.

அனுமதி இல்லாமல் ரோட்டில் எதையும் கட்டாதீர்கள். 2019-ல் பள்ளிக்கரணையில் சாய்ந்து விழுந்த பேனரால் ஓர் இளம்பெண்ணின் உயிர் போனது ஊருக்கே தெரியும். அந்தக் காசுக்கு நோட்டீஸ் அடியுங்கள். மெஸ்ஸுக்கு அதுதான் பொருத்தமும்கூட.

என் பழைய தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நோட்டீஸை ஊர் முழுக்க இறைக்காதீர்கள். பேப்பர் ஏஜென்டிடம் போய், எந்தப் பையன் எந்தத் தெருவுக்குப் போகிறான் என்று கேட்டு, உங்களுக்கு வேண்டிய லைனுக்கு மட்டும் கொடுங்கள். கல்லூரி விடுதி, பேச்சிலர்கள் தங்கும் மேன்ஷன், அலுவலக வரிசை, ஒவ்வொன்றுக்கும் வேறு நிறத் தாள். கீழே 'இதைக் கொண்டுவந்தால் ஒரு ஆம்லெட் இலவசம்' என்று ஒரு வரி. மாதக் கடைசியில் கல்லாவில் சேர்ந்த துண்டுகளை நிறம் பிரித்து எண்ணினால், மஞ்சள் நாற்பது, பச்சை மூன்று என்று தெரிந்துவிடும். அடுத்த மாதம் பச்சைக்குப் போன காசை மஞ்சளில் போடலாம். இதைவிட மலிவான ஆராய்ச்சி எனக்குத் தெரியாது.

நோட்டீஸில் மெஸ்ஸின் பெருமையைக் குறைத்து, மெனுவையும் விலையையும் பெரிதாகப் போடுங்கள். 'சுவைக்கு நாங்கள் கேரண்டி' என்று எல்லோரும்தான் போடுகிறார்கள். 'புதன் மீன் குழம்பு' என்றால் புதன்கிழமை ஆள் வரும்.

மளிகைக் கடை, தருமபுரி: வருடா வருடம் காலண்டர் கொடுக்கிறேன். இப்போது எல்லோரிடமும் செல்போன் இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

தினசரி காலண்டரை நிறுத்தாதீர்கள். ராகு காலம், நல்ல நேரம், முகூர்த்த நாள் பார்க்க நம் வீடுகளில் இன்னும் சுவரைத்தான் பார்க்கிறார்கள். வருடம் முழுக்க வீட்டுக்குள் தொங்கும் விளம்பரத்தை அந்த விலைக்கு வேறு யார் கொடுப்பார்கள்? எண்ணிக்கையைக் குறையுங்கள், வருடம் முழுவதும் வாங்கியவர்களுக்கு மட்டும் கொடுங்கள். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வந்துவிடும். மார்கழியில் ஓடாமல் அப்போதே ஆர்டர் சொன்னால் டிசைனும் கிடைக்கும், அவசர விலையும் இருக்காது.

மிச்சப் பணத்துக்கு மஞ்சப்பை. 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் துணிப்பை எப்படியும் தேவை. கடைப் பெயரும் போன் நம்பரும் மட்டும் பெரிதாக இருக்கட்டும். 'எங்களிடம் சகலவிதமான' என்று பத்து வரி எழுதினால் பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.

மணப்பெண் அலங்காரக் கலைஞர், கோவை: இவ்வளவு நேரம் இன்ஸ்டா விளம்பரம் வேண்டாம் என்றே சொல்கிறீர்கள். எனக்கும் அதே பதில்தானா அண்ணா?

உங்களுக்கு நேர் எதிர் பதில். ஒரு ஆர்டரில் ஆயிரக்கணக்கில் நிற்கும், ஐம்பது கிலோமீட்டர் தள்ளியும் ஆள் கூப்பிடும், முடிவை எடுப்பதே படத்தைப் பார்த்துத்தான். மாவு விற்பவருக்கு இந்த மூன்றும் இல்லை.

தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு இரண்டு மாதம் முன்பே விளம்பரத்தை ஓட்டுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் வேலை இருக்காது, ஆனால் அடுத்த மாதத்துக்கு ஆள் தேடுவது அப்போதுதான். போட்ட பதிவையே காசு கட்டி விளம்பரமாக்கும் 'பூஸ்ட்' பொத்தானைத் தட்டிவிட்டு உட்காராமல், வாட்ஸ்அப்புக்கு நேராக வரும் விளம்பரமாக அமையுங்கள். கோவையைச் சுற்றி எவ்வளவு தூரம் என்பதைக் குறியுங்கள். தொகையோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும், அதையும் கணக்கில் வையுங்கள். செய்தி வந்தால் உடனே பதில். நாலு மணி நேரம் கழித்து 'ஹாய் டியர்' என்றால் அதற்குள் வேறு இடத்தில் அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள். இன்னொன்று, ரீல்ஸுக்குச் சினிமாப் பாட்டு போட்டால் பிசினஸ் கணக்கில் உரிமைச் சிக்கல் வரும். இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவே இலவசமாகத் தரும் இசை இருக்கிறது.

மூலிகைப் பொடி விற்பவர், நாமக்கல்: 'சர்க்கரை நோய் 48 நாளில் குணமாகும்' என்று போட்டால் நன்றாக விற்கிறது. தொடரலாமா ஐயா?

இன்றே எடுத்துவிடுங்கள். நீரிழிவைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டு மருந்து மற்றும் மந்திரத் தீர்வு விளம்பரச் சட்டப்படி குற்றம். உணவுப்பொருள் என்று விற்றாலும் தப்பாது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் இருக்கிறது. அதைவிட, உங்கள் பொடியை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? என்ன இலை, எங்கே பறித்தது, எப்படி நிழலில் காய வைத்தது என்று எழுதுங்கள். அதற்கும் வாங்க ஆள் இருக்கிறது.

பேக்கரி, காரைக்குடி: உணவு வீடியோ போடும் ஒருவர் 8,000 கேட்கிறார். கொடுக்கலாமா?

அவரைப் பின்தொடர்பவர்களில் உங்கள் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் என்று அவருடைய இன்சைட்ஸ் (பார்வையாளர் கணக்கு) பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டமாட்டேன் என்றால் விடுங்கள். ஒப்புக்கொண்டால், அது காசு வாங்கிச் செய்த விளம்பரம் என்று வீடியோவில் குறிப்பிட வேண்டும், அதுவும் விதிதான்.

தையல் கடை, திண்டுக்கல்: எது வேலை செய்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அக்காவுக்குப் புரிகிற மாதிரி சொல்லு தம்பி. கம்ப்யூட்டர் எல்லாம் தெரியாது.

அளவு எடுக்கும் நோட்டு இருக்கிறதல்லவா அக்கா? புது ஆள் வந்தால் அளவுக்கு மேலே ஒரு வார்த்தை எழுதுங்கள்: 'மேப்', 'நோட்டீஸ்', 'சரோஜா சொன்னது'. ஒரு மாதம் கழித்து எண்ணிப் பாருங்கள். சரோஜா பெயர் நாலு தடவை வந்திருந்தால், அவருடைய அடுத்த ரவிக்கைக்குக் கூலி வாங்காதீர்கள். எதற்காக என்று அவரிடம் சொல்லியே கொடுங்கள்.