வாசகர் கேள்வி: ஆறு லட்சத்துக்குள் கல்யாணம்

கேள்வி: தை மாதம் என் மகளுக்குத் திருமணம். நகை நீங்கலாக 6 லட்சம் ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். செலவை எங்கே குறைக்கலாம்? முகூர்த்தப் பட்டை எப்படிப் பார்த்து வாங்குவது?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கடைக்குக் கிளம்பும் முன் அழைப்புப் பட்டியலை முடித்துவிடுங்கள். சமையல் ஒப்பந்தக்காரர் இலைக் கணக்கில்தான் பணம் கேட்பார் என்பதால், 100 பேரைக் குறைப்பதில் மிச்சமாகும் தொகை வேறெதிலும் மிச்சமாகாது. (யாரை விடுவது என்ற சண்டையை வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள்.) மண்டப வாடகையோடு மின்கட்டணம், ஜெனரேட்டர் டீசல், துப்புரவுக் கூலி ஆகியவை சேர்ந்தவையா என்பதை எழுத்தில் வாங்குவது நல்லது.

பட்டுப் புடவையை ஆடித் தள்ளுபடியிலேயே எடுத்துவிடலாம். ஆனால் தள்ளுபடி அட்டையைவிடச் சரிகையைக் கவனியுங்கள். அசல் சரிகை என்பது சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. முந்தானை ஓரத்தில் தொங்கும் ஓர் இழையை நகத்தால் மெல்லச் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும். சில்க் மார்க் முத்திரை பட்டின் தூய்மைக்குத்தான் உறுதி தருகிறது, சரிகைக்கு அல்ல. ஆகவே சரிகையின் தரத்தை ரசீதில் குறித்துத் தரச் சொல்லுங்கள். வரவேற்புக்குக் குறைந்த விலைச் சரிகையே போதும்.

ரவிக்கையை மார்கழித் தொடக்கத்திலேயே தைக்கக் கொடுத்துவிடுங்கள். தை பிறந்தால் தையற்காரர் அவசரக் கூலி கேட்பார்.