வீட்டை ஒதுங்க வைக்கும்போது மனத்தில் நடப்பது: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வீடு கலைந்து கிடந்தால் மனமும் கலங்கும் என்பதற்கு ஆதாரம் உண்டா? சுத்தத்தை வலியுறுத்தச் சொல்லும் பேச்சுதானா?

பதில்: ஆதாரம் உண்டு, அதன் எல்லையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெப்பெட்டி என்ற உளவியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவி இருவருமே வேலைக்குச் செல்லும் குடும்பங்களைச் சேர்ந்த 60 பேர், தங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டியபடி பேசியதைப் பதிவு செய்து, அவர்கள் கையாண்ட சொற்களை எண்ணிப் பார்த்தார்கள். அலங்கோலத்தையும் முடியாத வேலைகளையும் குறிக்கும் சொற்களை மிகுதியாகப் பயன்படுத்திய பெண்களிடம், காலையில் உயர்ந்து மாலைக்குள் நன்கு இறங்க வேண்டிய, மன அழுத்தத்தோடு தொடர்புடைய ஹார்மோனான கார்டிசாலின் அளவு அவ்வாறு இறங்கவில்லை. பொழுது சாயச் சாய அவர்களின் மனச்சோர்வும் கூடியது. அலங்கோலம்தான் சோர்வை உண்டாக்கியது என்று இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. சோர்ந்த மனத்துக்கு வீடு அலங்கோலமாகத் தெரிந்திருக்கவும் கூடும். ஆலோசனைக்கு வருபவர்களிடம் நான் காண்பது, இரண்டும் ஒன்றையொன்று வளர்த்துவிடுவதைத்தான்.

கேள்வி: விடுமுறை நாள் முழுவதையும் ஒதுக்கி அலமாரியிலிருந்து எல்லாவற்றையும் இறக்குகிறேன். ஒரு மணி நேரத்தில் தலை கனத்துவிடுகிறது. அப்படியே மறுபடி உள்ளே திணித்துவிடுகிறேன். இது சோம்பலா?

பதில்: சோம்பல் என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். உடல் வேலை என்று எண்ணி இதில் இறங்குகிறோம். இறங்கிய பிறகுதான் இது முடிவெடுக்கும் வேலை என்பது புரிகிறது. மேசையின் ஓர் இழுப்பறையைத் திறந்து பாருங்கள். எந்தக் கைப்பேசிக்கு உரியது என்று தெரியாத சார்ஜர், எப்போதோ பழுதாகிப்போன கருவியின் உத்தரவாத அட்டை, மை காய்ந்த பேனா, எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவி. பேனாவை எறிய ஒரு நொடி போதும். சாவியை எடுத்ததும், 'பிறகு தேவைப்பட்டால் என்ன செய்வது?' என்ற எண்ணமும், அதோடு நெஞ்சுக்குழியில் ஒரு சிறிய இறுக்கமும் எழும். அந்த இறுக்கத்திலிருந்து தப்பிக்கத்தான் சாவியைத் திரும்ப உள்ளே போடுகிறோம். வீட்டில் குவிந்து கிடப்பவற்றில் பெரும்பகுதி இப்படித் தள்ளிப்போட்ட முடிவுகளே.

கைக்கு வந்த பொருளின் மதிப்பை மனம் தானாகவே கூட்டிவிடும் இயல்பும் இதற்குத் துணைபோகிறது. உளவியலாளர் டேனியல் கானமன் உள்ளிட்ட மூவர் 1990இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு சாதாரணக் கோப்பையைச் சற்று முன்புதான் பெற்றவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கோப்பை கிடைக்காதவர்கள் அதற்குத் தர முன்வந்த விலையைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. சில நிமிட உரிமைக்கே இவ்வளவு என்றால், பத்து ஆண்டுகள் வைத்திருந்த சாவிக்குக் கேட்கவே வேண்டாம்.

மைண்ட்ஃபுல்னெஸ் எனப்படும் மனவிழிப்பு உதவுவது சரியாக இந்த இடத்தில்தான். சாவியைக் கையில் வைத்தபடியே மூன்று முறை நிதானமாக மூச்சை இழுத்து விடுங்கள். இறுக்கம் எங்கே இருக்கிறது, கூடுகிறதா, தணிகிறதா என்று மட்டும் கவனியுங்கள். அதோடு வாதாட வேண்டாம். சற்றுத் தணிந்த பிறகு, வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தாலும் சரியே, ஏனெனில் அப்போது அது பதற்றம் எடுத்த முடிவாக இராது. முழு நாள் வேண்டாம். ஒரே ஓர் இழுப்பறை, 15 நிமிடங்கள், அவ்வளவே.

கேள்வி: பாத்திரம் கழுவுவதைக்கூடத் தியானமாகச் செய்யலாம் என்கிறார்களே, அது பலன் தருமா?

பதில்: ஓரளவு தரும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 51 மாணவர்களைக் கொண்டு நடந்து 2015இல் வெளியான சிறிய ஆய்வில், நீரின் வெப்பத்தையும் சோப்பின் மணத்தையும் கவனித்தபடி கழுவியவர்களிடம் பதற்றம் 27 சதவீதம் குறைந்தது. வெறுமனே கழுவும் முறையைப் படித்துவிட்டுக் கழுவியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஜான் கபட்-ஸின் 1979இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய 8 வார மனவிழிப்புப் பயிற்சிக்கு இது ஈடாகாது என்றாலும், தியானத்துக்கென நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கு இது நல்ல வாசல்.

கேள்வி: அம்மா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய உடைகளை எடுத்துக் கொடுத்துவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னால் பெட்டியைத் திறக்கவே முடியவில்லை.

பதில்: திறக்க முடியாத பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை, துக்கத்துக்குக் கெடு கிடையாது. மனம் இணங்கும் ஒரு நாளில், நம்பிக்கைக்குரிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறவுங்கள். அம்மாவின் மணம் இன்னும் தங்கியிருக்கும் ஓர் உடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழ நேர்ந்தால், அன்றைய வேலை அதுவே, பெட்டியை மூடிவிடலாம். கொடுக்க நினைப்பவற்றை முதலில் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். நினைவு படத்தில் தங்கிவிடும் என்ற உறுதி கிடைத்ததும் பொருளை விடக் கை கூசுவது குறைகிறது. ஒன்றிரண்டை எப்போதைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவர் எதையும் எறிய விடுவதில்லை. அவர் இல்லாதபோது எறிந்துவிடலாமா?

பதில்: கூடாது. அது பொருளோடு நம்பிக்கையையும் எறிவதாகும். உங்களுக்கே உரிய இடத்திலிருந்து தொடங்குங்கள். அறைகளைப் புழங்க முடியாத அளவுக்குப் பொருள்கள் நிறைந்து, ஒன்றைப் பிரிவதே அவருக்குப் பெரும் வேதனையாக இருந்தால், அது பொருள் குவிப்புக் கோளாறாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டிலிருந்து இது தனி நோயாகவே வகைப்படுத்தப்பட்டுள்ளது, சிகிச்சையும் உண்டு.

கேள்வி: ஒரு மாதமாகத் தரையில் கிடக்கும் துணியைக்கூட எடுக்கத் தோன்றவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் கேள்விக்கு வீட்டை ஒதுங்க வைக்கும் யோசனை எதையும் முதலில் சொல்ல மாட்டேன். எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, தூக்கமும் பசியும் மாறியிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், உயிரை விடும் எண்ணம் எட்டிப் பார்த்தால் இன்றே பாருங்கள். அதுவரை, கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்க் குவளையை மட்டும் தினமும் கழுவி, புதிதாக நிரப்பி வையுங்கள். துணி அங்கேயே கிடக்கட்டும்.