வாசகர் கேள்விகள்: நுண்பொதிக்குள் தாவர எண்ணெய்

கேள்வி: நான் வாங்கிய முகப்பூச்சின் பெட்டியில் ‘நுண்பொதிகளில் அடைத்த தாவர எண்ணெய்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அப்படி அடைத்தால் எண்ணெய் தோலின் ஆழம்வரை செல்லும் என்பது உண்மையா? வெறும் எண்ணெயைத் தடவினால் போதாதா?

பதில்: ஆழத்துக்குச் செல்லும் என்பது விளம்பரத்துக்குப் பிடித்த காரணம், எண்ணெயைக் குப்பிக்குள் கெடாமல் வைத்திருப்பதே பெரும்பாலும் உண்மையான காரணம். ஆளிவிதை எண்ணெய் போன்றவற்றில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் மிகுதியாக இருப்பதால் ஆக்சிஜன் அவற்றை எளிதில் தாக்குகிறது. சிக்கு வாடை அதன் அடையாளம். மண எண்ணெய்களில் உள்ள லிமோனின், லினலூல் ஆகிய மணப்பொருள்களுக்கு வாடையைவிடப் பெரிய சிக்கல் உண்டு. காற்றுபட்டு அவை ஹைட்ரோபெராக்சைடுகள் எனும் ஆக்சிஜன் ஏறிய சேர்மங்களாக மாறும்போது, தொடக்கத்தில் சாதுவாக இருந்த பொருளே தோலில் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியதாகிவிடுகிறது.

பொதியும் முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது பழைய முறைதான். ஜெலட்டினும் அரபுப் பிசினும் கரைந்த வெதுவெதுப்பான நீரில் எண்ணெயைச் சிறு துளிகளாகச் சிதறடித்து, நீரின் அமிலத்தன்மையைச் சற்றே கூட்டினால், எதிரெதிர் மின்னேற்றம் பெறும் அவ்விரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒவ்வொரு துளியையும் சுற்றிப் படியும். குளிரவைத்தால் அந்தப் படலம் ஓடாக இறுகும். கார்பன் தாள் இல்லாமலே நகலெடுக்கும் காகிதத்துக்காக 1950-களில் பயன்பாட்டுக்கு வந்த உத்தி இது. பேனாவின் அழுத்தத்தில் அன்று உடைந்த ஓடு, இன்று விரலால் தேய்க்கும்போது உடைகிறது.

எல்லா எண்ணெய்க்கும் ஒரே பொதி பொருந்தாது. ஏழு குளுக்கோஸ் அலகுகளால் ஆன வளையமாகிய பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரினின் குழிக்குள் லிமோனின் போன்ற சிறு மூலக்கூறு அமர்ந்துவிடும். பருத்த கொழுப்பு மூலக்கூறு முழுமையாக அடங்காது. 1986-இல் லிப்போசோம் முகப்பூச்சு விற்பனைக்கு வந்ததிலிருந்து அந்தச் சொல்லுக்குத் தனி மவுசு உண்டு என்றாலும், கொழுப்புப் படலத்தால் ஆன நுண்குமிழாகிய லிப்போசோமின் உள்ளே இருப்பது நீர். எண்ணெய்க்கு அதன் மெல்லிய சுவரில் கொஞ்சம் இடமே கிடைக்கும்.

இறந்த செல்களால் ஆன தோலின் வெளிப்புற அடுக்கு, உடலின் பெரும்பகுதியில், சுமார் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமன்தான். அதே அளவுள்ள பொதி அதை ஊடுருவ வழியில்லை. மிகச் சிறியவையும் பெரும்பாலும் மயிர்க்கால்களின் வாயில்தான் தேங்குகின்றன. அதில் குறையொன்றும் இல்லை, ஏனெனில் ஈரம் வெளியேறாமல் தடுக்கும் எண்ணெயின் வேலை மேற்பரப்பில்தான் நடக்கிறது. அதற்கு மட்டும் என்றால், ஒளிபுகாத சிறு குப்பியில் வைத்த புதிய எண்ணெயே போதும்.

கேள்வி: பொதியில் அடைத்துவிட்டால் வைட்டமின் ஈ சேர்க்கத் தேவையில்லையா?

பதில்: எண்ணெயை ஆக்சிஜன் தாக்காமல் காக்கும் வைட்டமின் ஈ முன்பைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். துளியின் விட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் மொத்த மேற்பரப்பு பத்து மடங்காகும். ஓடு முழுதாகப் படியும் முன்பே, கலக்கும்போது காற்று அவ்வளவு பரப்பையும் தொட்டுவிடுகிறது. ஆகவே எண்ணெயைச் சிதறடிப்பதற்கு முன்பே வைட்டமின் ஈயைச் சேர்த்துவிட வேண்டும். ஏற்கெனவே சிக்கு வாடை வீசும் எண்ணெயை எந்த ஓடும் மீட்டுத் தராது.