முட்டி ஜவ்வு கிழிந்த சர்ஃபிங் வீரர் அடுத்த சீசனிலேயே பழைய ஆட்டத்துக்கு வந்துவிடுவாரா?

காரைக்குடிக்காரனுக்கும் சர்ஃபிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். எங்களுக்குக் கிட்டத்துக் கடல் தொண்டி. இலங்கை குறுக்கே கிடப்பதால் பாக் நீரிணையில் பெரிய அலை வராது, எங்கள் ஊருணி மாதிரிதான் கிடக்கும். ஆனால் அந்த ஜவ்வு, அதாவது ஏ.சி.எல்., கிழிந்த முட்டி ஒன்று என்னிடமும் இருக்கிறது. கபடியில் வாங்கியது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அப்படி அடிபட்ட வீரர் திரும்பி வருவார். ஆனால் பட்டத்துக்கு அடுத்த சீசனை நம்ப வேண்டாம், அதற்கு அப்புறம் பார்க்கலாம் என்பதுதான் என் கணிப்பு.

ஹவாய் சர்ஃபிங் வீரர் ஜான் ஜான் ஃபுளோரன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016, 2017 இரண்டு வருடமும் உலகச் சாம்பியன். 2019இல் ஆஸ்திரேலியாவில் நடந்த பெல்ஸ் பீச், மார்கரெட் ரிவர் போட்டிகள் இரண்டையும் ஜெயித்து முதலிடத்தில் இருந்த மனிதர், பிரேசிலில் ஏ.சி.எல். கிழிந்து உட்கார்ந்தார். ஒலிம்பிக் இடத்துக்காக அந்த டிசம்பரிலேயே ஹவாயின் பைப்லைன் அலையில் இறங்கி, இடத்தையும் பிடித்தார். 2021இல் மறுபடி முட்டி. அறுவைசிகிச்சை முடிந்த கையோடு ஜூலையில் டோக்கியோ போனார், மூன்றாவது சுற்றோடு மூட்டை கட்டினார். மூன்றாவது உலகப் பட்டம் கிடைத்தது 2024இல்தான்.

ஆஸ்திரேலிய வீரர் ஓவன் ரைட் இதற்கு மாறாகத் தெரிவார். 2015 டிசம்பரில் பைப்லைனில் தலையில் பலத்த அடி. 2017இல் திரும்பி வந்த முதல் போட்டியையே கோல்ட் கோஸ்டில் ஜெயித்தார். ஆனால் நடுவில் 2016 சீசன் முழுக்க அவர் ஆடவே இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை.

கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாகத் தொடைப் பக்கத்திலோ முட்டிச் சில்லுக்குக் கீழேயோ தசைநார் எடுத்து வைப்பார்கள். வைத்த முதல் சில வாரங்களில் அது வலுவிழக்கும். ரத்த ஓட்டம் பிடித்து அது ஜவ்வாக மாற மாதக் கணக்கில் ஆகும். வலி மட்டும் முன்கூட்டியே போய்விடும், அங்கேதான் எல்லோரும் ஏமாறுவது. ஒன்பது மாதத்துக்கு முன்னால் களத்தில் இறங்கினால் மறுபடி அடிபடும் வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர் படித்துப் படித்துச் சொன்னார். நான் ஆறாவது மாதமே பொங்கல் போட்டியில் இறங்கினேன். இரண்டாவது ரெய்டு. போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது முட்டிக்குள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். இந்தத் தடவை போனது மெனிஸ்கஸ், முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு.

அதற்கப்புறம் தினமும் விடியற்காலையில் ஊருணிப் படித்துறைதான். ஒற்றைக் காலில் நின்று, மற்ற காலை மெதுவாகக் கீழ்ப்படிக்கு இறக்க வேண்டும். தண்ணீர் எடுக்க வந்த அப்பத்தா நின்று பார்த்துவிட்டு, "என்னப்பு, முட்டி உள்பக்கமா சாயுதே" என்றது. பிசியோதெரபிஸ்ட் கண்ணாடி வைத்துக் காட்டியதும் அதே சாய்வைத்தான். அது நிமிர எனக்கு நாலு மாதம் ஆனது. நிமிர்ந்த பிறகும் அந்தக் காலை நம்பித் திரும்ப இன்னொரு வருடம்.

சர்ஃபிங்கில் இன்னொரு தலைவலியும் இருந்தது. 2022 முதல் 2025 வரை சீசன் நடுவிலேயே கடைசியில் இருப்பவர்களைக் கழித்துவிடும் முறை இருந்தது. அடிபட்டவருக்கு வைல்ட்கார்டு என்கிற சிறப்பு அனுமதி கொடுத்து உள்ளே விட்டாலும், மெதுவாகச் சூடு பிடிக்க அவகாசம் குறைவாகத்தான் இருந்தது. அவசரப்பட வைத்த ஏற்பாடு அது, எனக்குப் பிடிக்கவில்லை.

ஆக, முட்டி கிழிந்த வீரர் திரும்பி வந்து இறங்கும் முதல் ஹீட்டில், அதாவது முதல் ஆட்டத்தில், புள்ளியை விடுங்கள். காற்றில் எழும்பிப் பலகையோடு கீழே இறங்கும்போது பின்னங்கால் முட்டியைப் பாருங்கள். உள்பக்கம் சாயாமல் இருந்து, அடுத்த அலையிலும் தயங்காமல் அதே மாதிரி எழும்பினார் என்றால் என் கணிப்பு தப்பு என்று இங்கேயே வந்து எழுதுகிறேன்.